இடப்பக்கத்துச் சின்னப் பொத்தான்

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோர் கண்ணிலும் ஒன்று பட்டது. பிரம்மநாயகி வந்தவர்களின் முகத்தைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். விரல்கள் மட்டும் மடியில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தன. பாவம், அதிர்ச்சியில் கை நடுங்குகிறது என்று வாசலில் செருப்பை மாட்டும்போது பேசிக்கொண்டு போனார்கள். நடுக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர்கள் சொன்ன ஆறுதலையெல்லாம் அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

உத்தியோகம் கொடுத்த வியாதி அது. பாளையங்கோட்டையில் நீதிமன்றத்தில் தட்டச்சராகச் சேர்ந்தவள், தலை நரைத்து ஓய்வு பெறும்வரை அடுத்தவர் பேச்சை அடித்தே காலத்தை ஓட்டினாள். கூண்டில் நிற்பவன் அழுதாலும் சரி, புளுகினாலும் சரி, அவள் விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த விரல் ஓயாது. எதிரில் யார் எதைச் சொன்னாலும் மடியில் வைத்து அடித்துவிடும். இதை ஊரில் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரே ஆள் அவள் கணவர் பாலசுப்பிரமணியன். "ஏளா நாயகி, நான் இப்பச் சொன்னத அடிச்சு முடிச்சிட்டியா? முடிச்சிட்டேன்னா எந்திரிச்சு ஒரு காப்பி போடு" என்பார். அவர் போன பிறகு, வந்தவர்களும் போன பிறகு, அந்த விரல்களுக்கு அடிக்க எதுவும் கிடைக்கவில்லை.

தட்டச்சில் வலது கட்டைவிரலுக்கு ஒரே வேலைதான். எழுத்து எதையும் அது தொடாது. ஒரு வார்த்தை முடிந்ததும் கீழே இருக்கும் நீளக் கட்டையைத் தட்டி இடம் விடும், அவ்வளவே. மற்ற விரல்கள் எத்தனையோ பேரின் தலையெழுத்தை அடித்தபோது, அவளுடைய கட்டைவிரல் வாழ்நாள் முழுக்க வெற்றிடத்தையே அடித்துக்கொண்டிருந்தது. அந்த விரலைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

பாலசுப்பிரமணியனுக்கு வேலை பேருந்து நிலையத்தில். டைம் கீப்பர். எந்த வண்டி வந்தது, எந்த வண்டி போனது, எது இன்னும் வந்து சேரவில்லை என்று கூண்டுக்குள் உட்கார்ந்து எழுதுகிறவர். ஸ்ரீவைகுண்டம் வண்டியின் ஹாரனையும் அம்பாசமுத்திரம் வண்டியின் ஹாரனையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லுவார். தூக்கத்தில் எழுப்பி ஆழ்வார்குறிச்சிக்கு அடுத்த வண்டி எப்போது என்று கேட்டாலும் பதில் வரும். சொந்த ஊர் என்பதால் கொஞ்சம் குழைவாகவே வரும். படிப்பு என்று பார்த்தால் பேருந்தின் நெற்றிப் பலகையைத் தாண்டி அவர் பெரிதாக எதையும் படித்தவர் இல்லை. காலையில் வாங்கிய பேப்பர் சாயங்காலம் வரை அவர் கையில் இருக்கும். உதடு லேசாக அசையும். பேப்பரைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறார் என்று பிரம்மநாயகி நினைத்துக்கொள்வாள்.

அவளோ படிப்பதில் அசுரி. நீதிமன்றத்துக்கு நகரப் பேருந்தில் போகும்போது ஒரு கை கம்பியிலும் ஒரு கை புத்தகத்திலும் இருக்கும். காகிதத்தில் ஒரு வரியை அடிக்கும்போதே கண் அடுத்த வரிக்குப் போயிருக்க வேண்டும் என்று பழகிய கண் அது. ஒரு பக்கத்தை அவள் படிப்பதைப் பார்த்தால் படிக்கிறாளா, தூசி தட்டுகிறாளா என்று சந்தேகம் வரும்.

அவள் ஓய்வு பெற்றபோது, அயர்லாந்தில் இருக்கும் மகள் சித்ரலேகா புத்தகம் படிக்க ஒரு மின்வாசிப்பான் அனுப்பினாள். வீட்டில் அதற்குச் சிலேட்டு என்று பேராகிவிட்டது. பார்க்கவும் அப்படித்தான் இருந்தது. சாம்பல் நிறம், கண்ணைக் குத்தாத திரை. வலது ஓரத்தில் இரண்டு பொத்தான்கள், இடது ஓரத்திலும் அதேபோல இரண்டு. பெரியதை அமுக்கினால் பக்கம் முன்னால் போகும், மேலே இருக்கும் சின்னதை அமுக்கினால் பின்னால் போகும். செய்தவன் எவனோ, கையைப் பற்றி யோசித்துச் செய்திருந்தான். ஓரத்தைப் பிடித்தால் கட்டைவிரல் தானாகப் பெரிய பொத்தானின் மேல் போய் விழும். தேட வேண்டாம், பார்க்க வேண்டாம், விரலைத் தூக்கவும் வேண்டாம். இருக்கிற இடத்திலேயே லேசாக ஒரு அமுக்கு. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், அடுத்த பக்கம். பிரம்மநாயகியின் வலது கட்டைவிரலுக்கு அது பழைய நீளக் கட்டையாகவே தோன்றியிருக்க வேண்டும்.

பாலசுப்பிரமணியன் ஓய்வு பெற்ற புதிதில் வீட்டின் நிசப்தம் தாங்காமல் பேருந்து நிலையத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டிருந்தார். புதிதாக வந்த டைம் கீப்பர், "அண்ணாச்சி, நீங்க இங்கன இருந்தா எனக்குக் கை ஓட மாட்டேங்கு" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டான். அன்று மத்தியானம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து கட்டிலில் படுத்தார். பக்கத்தில் அவள் மல்லாந்து படுத்துச் சிலேட்டைத் தூக்கிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வலிக்கிறது என்று கையை உதறினாள்.

"கொண்டா, ஒரு பக்கத்த நான் பிடிச்சுக்கிடுதேன். நீ படி" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. இடது ஓரத்தை அவருடைய இடது கை பிடித்துக்கொண்டது, வலது ஓரத்தை அவளுடைய வலது கை. பிடித்துக்கொண்டிருக்கிறவர் சும்மா இருப்பாரா? பார்த்தார். பிறகு படித்தார். முதல் வாரத்தில் ஒரு நாள், "கொஞ்சம் பொறு, நான் இன்னும் முடிக்கல" என்றார். அவள் பொறுத்தாள். பொறுத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். "இந்த வேகத்துல போனா இந்த ஜென்மத்துல ஒரு புஸ்தகம் முடியாது" என்றாள். சும்மா சொன்னதுதான். அதற்கப்புறம் அவர் பொறு என்று சொன்னதே இல்லை.

பக்கம் முடிந்ததும் அவள், "முடிச்சாச்சா?" என்பாள். அவர், "ம், தள்ளு" என்பார். வலது கட்டைவிரல் அமுக்கும். 'டிக்.' மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இது நடக்காத நாள் கிடையாது. சனிக்கிழமை உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் தின்றுவிட்டுப் படுத்தால் அவளுக்குச் சீக்கிரமே கண் சொருகிவிடும். அரைத் தூக்கத்தில் 'டிக், டிக்' என்று பல்லி சொல்லும் சத்தம் கேட்கும். பல்லி சொன்னால் விரலால் மூன்று தட்டுத் தட்ட வேண்டும் என்று சின்ன வயதில் பழகியது போகுமா? தூக்கத்திலேயே கட்டில் சட்டத்தைத் தட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள். நல்ல சகுனமுள்ள வீடு என்று அவளுக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது.

சிலேட்டுக்கு ஒரே ஒரு கோளாறு. நேற்று விட்ட இடத்தில் இன்றைக்கு நிற்காது. சில நாள் சரியாக இருக்கும். சில நாள் திறந்தால் பத்துப் பதினைந்து பக்கம் பின்னால் போயிருக்கும். அவள் வைதுகொண்டே அமுக்கி அமுக்கி விட்ட இடத்துக்கு வருவாள்.

"தானா பின்னால போவுது பாருங்க. புத்தி கெட்டுப் போச்சு இதுக்கு."

"பேட்டரி கோளாறா இருக்கும்" என்பார் அவர், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு.

வருஷங்கள் போகப் போகக் கோளாறு அதிகமாயிற்று. அவர் கண்ணிலும் புரை விழ ஆரம்பித்திருந்தது. ஆபரேஷனுக்குப் போகலாம் என்றால் வெயில் போகட்டும், மழை போகட்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சிலேட்டோ இப்போதெல்லாம் ஒரு முழு அத்தியாயம் பின்னால் போய் நின்றது. பிரம்மநாயகி பொறுக்க மாட்டாமல் மகளிடம் சொன்னாள். மகள் அடுத்த முறை ஊருக்கு வந்த ஒருவரிடம் புதிது ஒன்று கொடுத்துவிட்டாள்.

புதிதில் பொத்தானே இல்லை. நான்கு ஓரமும் மொழுமொழுவென்று இருந்தது. திரையைத் தொட்டால் பக்கம் திரும்புமாம். பொத்தான் என்று ஒன்று இருந்தால் அமுக்குகிற வரை அது சும்மா இருக்கும். அதுதான் அதன் மரியாதை. இதுவோ விரல் பட்டாலும் திரும்பியது, சேலைத் தலைப்பு பட்டாலும் திரும்பியது. பாலசுப்பிரமணியன் பிடித்த இடத்தில் அகராதி திறந்துகொண்டது, எழுத்து பூதாகாரமாயிற்று, வேறு ஏதோ புத்தகக் கடை வந்து நின்றது. இரண்டே நாளில் அவர் அதை அட்டைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"இது கைக்கு ஒத்து வரல. பழசே போதும்."

"பழசுதான் தானா பின்னால போவுதே."

"போனாப் போகட்டும். அது பாட்டுக்குப் போவுது, ஒன்ன என்ன செய்யுது?"

"வயசானா ஒங்களுக்குப் புதுசு எதுவும் பிடிக்காதே" என்றாள். பழையதே கட்டிலுக்குத் திரும்பி வந்தது.

கடைசியாக அவர்கள் படித்துக்கொண்டிருந்தது ஒரு துறைமுகத்துக் கதை. பெரிய நாவல். தாயை விட்டுவிட்டுக் கப்பலேறிப் போக நினைக்கும் ஒரு பையனின் கதை. அன்றைக்கும் மத்தியானம் படித்தார்கள். அவள் தூங்கி எழுந்து காப்பி போட்டாள். அவர் டம்ளரை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"ஏளா, அந்தப் பையன் கப்பல்ல ஏறுனானா, இல்லையா?"

அவளுக்குச் சுள்ளென்று வந்தது. பையன் கப்பலேறி, கப்பல் கரையை விட்டுக் கிளம்பி, இப்போது அவன் வேறு தேசத்தில் வேலை தேடிக்கொண்டிருக்கிறான்.

"கப்பல் போயி எத்தன நாளாச்சு! பக்கத்துல படுத்துக்கிட்டு நீங்க என்னத்ததான் படிக்கிய?"

அவர் சிரித்தார். "மறந்துட்டு" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வாழைப்பழம் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். பழக்கடைக்காரர்தான் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்.

அன்றைக்கு வீடு நிறைய ஆள். கட்டிலை யாரோ நகர்த்தியதில் சிலேட்டு கீழே விழுந்தது. எல்லோரும் போன பிறகு பிரம்மநாயகி அதை எடுத்து, உறங்கிக் கிடந்த திரையைக்கூட எழுப்பாமல், வலது ஓரத்துப் பெரிய பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். அமுங்கிய இடத்திலேயே கிடந்தது. மேலே வரவில்லை. அவருடைய துண்டு ஒன்றில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்துவிட்டாள்.

இடது ஓரத்துப் பொத்தான் இருக்கிறதே, அதில் படிக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அது அவருடைய பக்கம். கட்டிலிலும் அப்படித்தான். இரட்டைக் கட்டிலின் வலது பாதியில் அவள் படுத்தாள். இடது பாதியில் அவருடைய போர்வை மடித்தபடி கிடந்தது. ஆள் இல்லையே என்று கையைக் காலை நீட்டிப் படுக்க அவளுக்கு வரவில்லை.

ஒருத்திக்கு மட்டும் சமைப்பது போன்ற தண்டனை இல்லை. உளுந்தம்பருப்புச் சோற்றை ஓர் ஆளுக்கு அளந்து போடக் கை வரவில்லை. அவள் அதை வைப்பதையே விட்டுவிட்டாள். சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் ஒன்றாகிப் போயின. மத்தியானம் மட்டும் போகாமல் நின்றது. மகள் சொன்னாளே என்று புதிய வாசிப்பானை எடுத்து வைத்துக்கொண்டு படுத்துப் பார்த்தாள். ஒரு நாள் திரையில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. பக்கம் திரும்பியது. ஈ நடந்தது. இன்னொரு பக்கம் திரும்பியது. பிரம்மநாயகி அதை விரட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் அவளோடு சேர்ந்து படிக்க இப்போது அந்த ஈ ஒன்றுதான் மிச்சம் என்று தோன்றியதும் அடக்க முடியாமல் அழுகை வந்தது.

"அம்மா, புதுசுல படிக்கிறியா?" என்று ஃபோனில் சித்ரலேகா கேட்டாள்.

"படிக்கேன்மா. நல்லா இருக்கு."

அவள் மனசை அரித்துக்கொண்டிருந்தது வேறு. அந்தக் காப்பி நேரத்துக் கேள்விதான். பையன் கப்பலேறினானா என்று கேட்டாரே! ஏறிய கதையைப் பக்கத்தில் படுத்துக்கொண்டு படித்தவர் கேட்கிற கேள்வியா அது? அப்படியானால் அவர் படிக்கவே இல்லை. இவள் சந்தோஷத்துக்காக ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, ம் தள்ளு, ம் தள்ளு என்று இத்தனை வருஷமும் சும்மா சொல்லியிருக்கிறார். எத்தனை கதை, எத்தனை மனுஷர்கள்! அவர்களைப் பற்றியெல்லாம் இவள் பேசப் பேச அவர் தலையை ஆட்டியது எல்லாம் வெறும் ஆட்டல்தானா? இப்போது தனியாக இருப்பது ஒரு வேதனை. அப்போதும் தனியாகத்தான் இருந்தோமோ என்பது அதைவிடப் பெரிய வேதனை. முதல் வேதனையை நாலு பேரிடம் சொல்லலாம். இரண்டாவதை யாரிடம் சொல்வது? மடியில் விரல்கள் அதையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தன.

வருஷத் திதி முடிந்த மறுநாள் பீரோவைத் திறந்தாள். அவர் படித்தாரோ இல்லையோ, பாதியில் நிற்கிற கதையையாவது முடித்துவிடுவோம் என்று ஒரு வீம்பு. சிலேட்டைத் துண்டோடு பையில் போட்டுக்கொண்டு மேலப்பாளையத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே பஜாரில் தாஜ் முகம்மதுவின் செல்ஃபோன் ரிப்பேர் கடை இருந்தது. பாலசுப்பிரமணியனின் ஃபோனை எப்போதும் அவன்தான் சரி செய்து கொடுப்பான். நாற்பதைத் தாண்டியவன், ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டே பேசுகிறவன்.

"அண்ணாச்சி விஷயம் கேள்விப்பட்டேன்க்கா. அந்நேரம் நான் ஊர்ல இல்ல" என்று எழுந்து நின்று சொன்னான். பிறகு சிலேட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "இத எங்கன போட்டிய?"

"நான் போடல தம்பி. ஆள் கூடுன அன்னைக்கு விழுந்துட்டு."

அவன் மெதுவாக மூடியைக் கழற்றி உள்ளே குனிந்தான். தெருவில் லாரிக்கும் ஆட்டோவுக்கும் தகராறு நடந்துகொண்டிருந்தது. அவள் விரல்கள் அதை மடியில் அடித்துக்கொண்டிருந்தன.

"வலது பக்கத்துப் பெரிய பொத்தான் உள்ளுக்குள்ளயே ஒடைஞ்சிட்டுக்கா. இந்த மாடலுக்கு இப்பச் சாமான் கெடைக்காது" என்றான் தாஜ் முகம்மது. "ஆனா ஒரு வழி இருக்கு. இடது பக்கத்துப் பெரிய பொத்தானப் பேத்து இங்கன வச்சிருதேன். அது பொட்டியப் பிரிச்ச மாதிரி புதுசா இருக்கு. யாரும் தொட்டதே இல்ல போல."

"அப்ப இடது பக்கம்?"

"அது வேலை செய்யாது. ஒங்க ஒரு ஆளுக்கு எதுக்குக்கா ரெண்டு பக்கம்?"

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளும் சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள். அதற்குள் அவன் லென்ஸை மறுபடி இடுக்கிக்கொண்டு, "இது என்ன அதிசயம்!" என்றான்.

"என்ன தம்பி?"

"இடது பக்கத்துல பெரிய பொத்தான் புதுசு. அதுக்கு மேல இருக்க சின்னது தேஞ்சு போய்க் கெடக்கு. இந்தா பாருங்க, மேல போட்டிருந்த அம்புக்குறியே அழிஞ்சிட்டு. நகம் பட்டுப் பட்டுக் குழியாயிட்டு. நான் எத்தனையோ சாமானப் பிரிச்சிருக்கேன், பின்னால போற பொத்தான இந்த அமுக்கு அமுக்குன ஆளப் பாத்ததில்ல. யாருக்கா இது?"

"யாரும் இல்ல. அது கோளாறு தம்பி. தானா பின்னால போவும். பேட்டரி."

"தானா எப்படிக்கா போவும்? பேட்டரிக்கும் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆள் அமுக்கணும்லா" என்றான். பேட்டரியைப் பொருத்தி, சார்ஜர் வயரைச் சொருகி, திரையை எழுப்பி, கட்டைவிரலை அந்தச் சின்னப் பொத்தானின் மேல் வைத்து அமுக்கினான்.

டிக், டிக்.

பிரம்மநாயகியின் விரல் கடையின் கண்ணாடிப் பலகையை மூன்று முறை தட்டியது. அவள் தட்டவில்லை, விரலாகத் தட்டியது. தட்டிவிட்டு அப்படியே நின்றது.

அந்த வீட்டில் பல்லி இருந்ததா என்று யோசித்தாள். ஒரு நாளாவது கண்ணால் பார்த்த ஞாபகம் இல்லை. மத்தியானம் தவிர வேறு நேரத்தில் அது சொல்லிக் கேட்டதும் இல்லை. அவள் கண் சொருகக் காத்திருந்து, பொத்தானைப் பைய அமுக்கி, தான் படிக்காமல் விட்ட பக்கங்களுக்கு அவர் திரும்பிப் போயிருக்கிறார். அவள் தூங்குகிற நேரம் முழுக்க சிலேட்டை இரண்டு கையாலும் பிடித்து, உதட்டை அசைத்து வரி வரியாகப் படித்து, அவள் பக்கத்துப் பெரிய பொத்தானை அமுக்கி அமுக்கி அவள் நிற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். வந்து சேர்ந்த நாளில் சிலேட்டு சரியாக நின்றது. அசந்து தூங்கிப்போன நாளில் கோளாறு. கண் மங்க மங்கப் பாக்கி அதிகமாகி ஓர் அத்தியாயம் வரை போயிற்று. 'இந்த வேகத்துல போனா இந்த ஜென்மத்துல ஒரு புஸ்தகம் முடியாது.' யார் சொன்னது அது? அவள்தான். எப்போதோ விட்ட ஒரு பெருமூச்சுக்காக அந்த மனுஷர் அத்தனை மத்தியானத் தூக்கத்தையும் விட்டுக்கொடுத்திருக்கிறார். அவர் நடித்தது உண்மைதான். படித்ததாக நடிக்கவில்லை, படித்து முடித்ததாக நடித்திருக்கிறார்.

"அக்கா, தண்ணி குடிக்கியளா?" என்றான் தாஜ் முகம்மது.

"வேண்டாம் தம்பி. அதுல இப்ப எந்தப் பக்கம் நிக்கி? நீங்க அமுக்குறதுக்கு முந்தி எங்கன நின்னுச்சு?"

அவன் இரண்டு பக்கம் முன்னால் தள்ளி, திரையை அவள் பக்கம் திருப்பினான். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பையன் துணி மூட்டையோடு துறைமுகத்தில் நிற்கிறான். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே பலகை போட்டிருக்கிறார்கள். அவன் ஒரு காலைப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பித் தாயைப் பார்க்கிறான். அந்தப் பக்கம் அதோடு முடிகிறது.

ஏளா, அந்தப் பையன் கப்பல்ல ஏறுனானா, இல்லையா? மறதியில் கேட்ட கேள்வியே இல்லை அது. அவர் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். காப்பி வந்துவிட்டதால் பலகையிலேயே நிறுத்திவிட்டு எழுந்து வந்திருக்கிறார். அடக்க முடியாமல் கேட்டுவிட்டார். ஒரு வார்த்தை, ஏறிட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவள்.

"அப்ப இடது பக்கத்துப் பொத்தானப் பேத்துரட்டுமாக்கா?"

"வேண்டாம். எதையும் பேக்க வேண்டாம். அப்படியே மூடிக் குடுங்க."

"அப்ப எப்படிக்கா படிப்பிய?"

"நான் பக்கம் மாறிப் படுத்துக்கிடுதேன் தம்பி" என்றாள்.

வீட்டுக்கு வரும்போது மத்தியானமாகிவிட்டது. மோர் ஊற்றி ஏதோ இரண்டு வாய் சாப்பிட்டாள். கட்டிலின் இடது பாதியில் மடித்துக் கிடந்த போர்வையை எடுத்து நாற்காலியில் போட்டாள். மெத்தையில் அவர் முதுகு பதிந்த பள்ளம் இருந்தது. வெட்கப்படுகிறவள் போல ஓரத்தில் உட்கார்ந்து, பிறகு அதற்குள் படுத்தாள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் விட்டமும் மின்விசிறியும் வேறு மாதிரி தெரிந்தன. ஜன்னல் வெளிச்சம் நேராகக் கண்ணில் விழுந்தது. இத்தனை வருஷம் இந்த வெளிச்சத்திலா படித்தார் என்று நினைத்துக்கொண்டாள். ஜன்னல் திரையைப் போட்டுவிடு என்று ஒரு நாள்கூட அவர் சொன்னதில்லை.

சிலேட்டின் வலது ஓரத்தைத் தலையணையில் சாய்த்து, இடது ஓரத்தை இடது கையால் பிடித்தாள். அவர் தொடாத பெரிய பொத்தானின் மேல் கட்டைவிரல் போய் விழுந்தது. அதற்கு மேலே நகம் குழித்த சின்னப் பொத்தானைத் தடவிப் பார்த்தாள். பிறகு படித்தாள். வழக்கம்போல நொடியில் பக்கம் முடிந்துவிட்டது. விரல் அமுக்கப் போயிற்று. அவள் அதை நிறுத்தினாள்.

மறுபடியும் மேலேயிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை உதட்டை அசைத்து, ஒவ்வொரு வார்த்தையாக, வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே நின்று நின்று படித்தாள். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பையன் பலகையில் காலை வைத்தான். திரும்பித் தாயைப் பார்த்தான்.

அமுக்கினாள். டிக்.

அடுத்த பக்கத்தைச் சத்தமாகவே படித்தாள். படித்து முடித்துவிட்டு, "ஏறிட்டான்" என்றாள். "கேட்டியளே, ஏறிட்டான். அம்மைய ஒரு தடவ பாத்துட்டு ஏறிட்டான்."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. ஒரு கையில் சிலேட்டு இருந்தது, இன்னொரு கை கட்டிலின் வலது பாதியில், அவள் எப்போதும் படுக்கும் இடத்தில் கிடந்தது.

"முடிச்சாச்சா?" என்று கேட்டாள்.

ம், தள்ளு என்று யாரும் சொல்லவில்லை. பொறுத்துப் பார்த்தாள். பெருமூச்சு விடாமல் பொறுத்துப் பார்த்தாள். சாயங்காலம் காப்பி போடுகிற நேரம் வரை பக்கம் அங்கேயே நின்றது.